முனியம்மாவின் மெழுகு

எழுபத்தெட்டாம் வருடம், ஐப்பசி. ஜவ்வாது மலையின் கடைசி நிறுத்தத்தில் வடிவு பஸ்ஸைவிட்டு இறங்கினாள். புளியமரங்களுக்குப் பின்னால், என்றோ ஒரு மரக் காண்டிராக்டர் கட்டிய ஓட்டு பங்களா. ஆலங்காயம் நாடகக் கம்பெனியில் அவளுக்கு ஆறு வருடமாகத் தோழி வேடம்தான். "மாரு இல்லாதவளுக்கு ராணி வேஷம் ஒரு கேடா?" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சிரித்திருந்தார்.

மெழுகு ஊசி போட்டு மாரைப் பெரிதாக்கும் டாக்டர் என்று சொல்லிக்கொண்ட தாண்டவராயன் அவளை மேசையில் படுக்கவைத்து, மணிக்கட்டுகளை வாரால் கட்டினார்.

"ரெண்டு நாள் நெருப்பா காந்தும். பத்து நாள் கட்டு. கையத் தூக்கப்படாது, குப்புறப் படுக்கப்படாது. அப்பறம் நீ ராணிதான்."

"தப்பாப் பூட்டா இன்னாங்க ஆவும்?"

"வெறும் மெழுகும்மா. அது இன்னா பண்ணும்?"

ஊசி எடுக்க அடுத்த அறைக்குப் போனார். மேசையருகே ஸ்டவ்வில் சட்டி கொதித்தது. மெழுகு வாசனை இல்லை. சீழும் கருகிய மயிரும் கலந்த நாற்றம்.

கட்டுத்துணி கிழித்துக்கொண்டிருந்த வேலைக்காரி பச்சையம்மா குனிந்தாள்.

"ஓடிடும்மா. போன வாரம் எங்க ஊரு முனியம்மா இதே மேசையிலதான் செத்தா. மெழுகு பத்தலன்னு இந்த ஆளு அவ மாரை அறுத்து, உள்ள ஏத்தியிருந்த மெழுக வழிச்சு வெச்சுக்கினான். கொறையாப் பொதைச்சிட்டோம்."

பச்சையம்மாவின் ஊரில் உடம்பை முழுசாகத்தான் மண்ணுக்குக் கொடுப்பார்கள். விழுந்த பல்லைக்கூட முடிந்துவைத்திருந்து கூடவே புதைப்பார்கள்.

பச்சையம்மா வாரை அவிழ்ப்பதற்குள் தாண்டவராயன் வந்துவிட்டார். சட்டி மெழுகை உறிஞ்சிய ஊசி வடிவின் இடது மாரில் இறங்கியது. வடிவு அலறினாள்.

வராந்தாவில் யாரோ நடந்தார்கள். ஈரமான, கனமான நடை.

"யாரது?"

கதவு திறக்கவில்லை.

ஒருத்தி உள்ளே நின்றாள்.

மார் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு குழிகள். வாய் நிறைய மண்.

"முனியம்மா," என்று முனகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள் பச்சையம்மா.

முனியம்மா தாண்டவராயனின் தலைமயிரைப் பிடித்து, முகத்தைக் கொதிக்கும் சட்டியில் அழுத்தினாள். தோல் பொரிந்தது. கால்கள் உதைத்தன. நகங்கள் மேசை மரத்தைப் பிறாண்டின. அவள் தலையைத் தூக்கியபோது முகத்தில் பாதி சட்டியிலேயே தங்கிவிட்டது. பிறகு அவருடைய கத்தியாலேயே அவர் மார்பை இடமும் வலமும் பொறுமையாக அறுத்தாள். உள்ளே கைவிட்டுத் தேடினாள். ரத்தம்தான் வந்தது. சட்டியில் இருந்ததை வழித்துத் தன் குழிகளில் அப்பிக்கொண்டாள்.

வலது குழி நிரம்பியது.

இடது நிரம்பவில்லை.

மெல்லத் திரும்பி வடிவைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுக்கா," வடிவு அழுதாள். "உன்னுதுதான். எடுத்துக்கோ. என்னிய விட்டுடு."

மண் வாசனை நெருங்கியது. குளிர்ந்த கன்னம் ஒன்று அவள் இடது மார்பில், தூங்கப்போகிறவளைப் போலச் சாய்ந்தது.

பிறகு மேசையருகில் யாரும் இல்லை.

பச்சையம்மா வடிவை அவிழ்த்து மலையிலிருந்து கீழே அழைத்துப்போனாள். மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர் வடிவின் இடது மார்பை அழுத்திப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்ல, வீக்கம் இல்ல. பயப்படாதம்மா, நீ பொழைச்சுக்கின. உள்ள கட்டி மாதிரி எதுவும்..."

பேச்சு நின்றது.

அவர் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

தோலுக்கு அடியிலிருந்து ஐந்து விரல்கள் அவர் விரலைப் பிடித்திருந்தன.