வாழை எந்த வகை?

விதை வாரிய ஆய்வாளர் உமையாளுக்கு அன்று காலையில் அது நான்காவது பால்கனி. முதல் மூன்றிலும் வேலை சுலபமாக முடிந்திருந்தது. ஒரு தொட்டிப் பாசி, சுவரில் படர்ந்த ஒரு மாஸ் செடி, ஒரு கொத்துப் பெரணி. செடியின் வகையைச் சொல்லும் வகைகாட்டிக் கருவியை நீட்டினால் பச்சை விளக்கு எரியும், அடுத்த வீட்டுக்குப் போகலாம். விதையில்லாத இந்த மூன்று கூட்டத்தையும் யாரும் வீட்டில் வளர்க்கலாம். விதையுள்ள எதுவும், ஊசியிலை மரம்போலத் திறந்த விதையானாலும் சரி, மாமரம்போல மூடிய விதையானாலும் சரி, விதை வாரியத்தின் கண்ணாடிக்கூடத்தைத் தாண்டக் கூடாது. விதை வழியே பரவிய கருகல் நோய் பாதி உலகத்தைப் பட்டினி போட்ட பிறகு வந்த சட்டம் அது.

நான்காவது பால்கனியில், பிலவேந்திரன் வீட்டு டிரம்மில், ஒரு வாழை குலை தள்ளி நின்றது. நுனியில் பூ தொங்கியது. மேல் சீப்பு பழுத்துவிட்டது. வாழை எப்போதோ அழிந்துவிட்டதென்று நினைத்த மேதாவிகள் அதைக் கருவியில் சேர்க்கவே இல்லை.

"விதையைக் காட்டவும்" என்றது வகைகாட்டி.

"இதுல வெதையே கெடையாது மேடம், கன்னு வச்சு வளத்தது" என்றார் பிலவேந்திரன். "பெரணின்னு போட்டுருங்களேன். வீட்டுக்காரிக்குத் தொண்டையில ஆபரேசன். தொட்டிப்பாசி மாவுக் கஞ்சி எறங்க மாட்டேங்கு. இத மசிச்சுக் குடுத்தாத்தான் ரெண்டு வாய் உள்ள போவுது."

"இம்மாம் பெரிய பூவ வச்சுக்கிட்டு பெரணியா அண்ணாச்சி?"

உமையாள் பூவைக் காட்டினாள். விதைக்கு அப்புறம்தான் பூவைப் பற்றிய கேள்வி வருமாம். மறுபடி "விதையைக் காட்டவும்." இலையின் அடியில் பெரணிக்குரிய வித்துத்தூள் இருக்கிறதா என்று கேட்டது. இல்லை என்றாள். "விதையைக் காட்டவும்." அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கண்காணிப்பாளருக்குப் போன் போட்டாள். "பெரணின்னு அடிச்சு மூடும்மா. இன்னும் ஒரு பிளாக் முழுசா கெடக்கு" என்றார் அவர்.

இவருமா! நாலு வருஷம் தாவரவியல் படித்தது இந்தக் கூத்தைப் பார்க்கத்தானா? இந்த ஊரில் பெரணிக்கும் வாழைக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரு ஜீவன்கூட இல்லையா? எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

"ஒரு கத்தி குடுங்க அண்ணாச்சி."

அவர் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தார். உமையாள் ஒரு பழத்தைப் பறித்து, தோலை உரித்து, குறுக்கே வெட்டினாள். வெள்ளைச் சதையின் நடுவில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள்.

"பாத்தீங்களா! முத்தாம நின்னுபோன விதை. பழத்துக்குள்ள மூடி இருக்கு!"

வகைகாட்டி கொஞ்சம் யோசித்தது. பூ உண்டா என்று கேட்டது. உண்டு! இலை நரம்பு இணையாக ஓடுகிறதா? ஓடுகிறது! "மூடிய விதைத் தாவரம், ஒருவித்திலை" என்று எழுத்து வந்தது. உமையாள் அப்பாடா என்று சிரித்தபடி பிலவேந்திரனைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. "அகற்றும் குழு புறப்பட்டது."

உமையாள் பதறிப்போய் ரத்து செய்யும் பொத்தானைத் தேடினாள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. "இது முளைக்காது, சனியனே! எங்கயும் பரவாது!" என்று கருவியிடம் கத்தினாள்.

"விதை காட்டப்பட்டது" என்றது அது.

மறுபடி போன் போட்டாள். "நான்தான் பெரணின்னு போடச் சொன்னேன்லா?" என்றார் கண்காணிப்பாளர். அதற்கு மேல் அவரிடமும் வழியில்லை.

உள்ளே கட்டிலிலிருந்து கிண்ணத்தைக் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. பேச முடியாதவள் அப்படித்தான் கூப்பிடுவாள் போலிருக்கிறது. பிலவேந்திரன் உமையாளின் கையிலிருந்த இரண்டு பாதிப் பழத்தையும் வாங்கிக்கொண்டார். கத்தியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்தார்.

"அவங்க வந்தா பழத்தையும் விடமாட்டாங்க" என்றாள் உமையாள். "வர்றதுக்குள்ள ஊட்டிருங்க அண்ணாச்சி."

பிலவேந்திரன் குலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"எத்தன நாளைக்கு உள்ளத மேடம் இப்பமே ஊட்ட?"