இரண்டாவது திருகு

“ஒத்தையில வெளையாடுறவளுக்கு எதுக்குத்தா ரெண்டு திருகு?”

சித்திரை மாதத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கம்மாள் ஓவியாவிடம் இப்படிக் கேட்டாள். வடுகபட்டி மண்டியில் பூண்டு உரித்துவிட்டு நேரே வந்திருந்தாள். கையெல்லாம் அந்த வாசனை. டிவி முன்னால் இரண்டு பிஸ்கட் டப்பாக்கள் இருந்தன. இரண்டின் மூடியிலும் ஓட்டை போட்டு, பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகைப் பொருத்தியிருந்தாள் ஓவியா.

“யாராச்சும் வந்தா சேந்து ஆடலாம்ல.”

“வருவாக, வருவாக. பொண்ணு பாக்க வர்றவுகளுக்குக் காபிக்குப் பதிலா இதக் குடு. வந்த காரிலயே திரும்பிருவாக.”

யாரும் வரவில்லை. ஆடி பிறந்தது. செவ்வாய்க்கிழமை மதியம், எவர் கையும் படாமல், திரையின் வலது பக்கத்துக் கட்டை அசைந்தது.

அது பழங்காலத்து ஆட்டம். கறுப்புத் திரையில் இடது ஓரம் ஒரு வெள்ளைக் கட்டை, வலது ஓரம் ஒன்று, நடுவில் சதுரமாய் ஒரு பந்து. திருகைத் திருப்பினால் கட்டை மேலும் கீழும் போகும். பந்தைத் தவறவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி. ஐந்து எடுத்தவர் ஜெயிப்பார். பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது ஓவியாவுக்கு நாக்கு எழவில்லை, வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. போகாத இரண்டு வருஷத்தில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பெரியகுளத்தில் டிவி பழுது பார்க்கும் வினோத்ராஜ் கடையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு வாங்கி, பரணில் கிடந்த அரசாங்க இலவச டிவியை இறக்கி, இதைச் செய்தாள். அவளாகத் தொடங்கி அவளாக முடித்த ஒரே காரியம் அதுதான்.

அன்றைக்கு அதை ஓட்டியதே அம்மாவுக்காகத்தான். அம்மா மகாலட்சுமிக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் உள்திரை பிய்ந்துவிட்டதென்று ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் காற்றை அடைத்து அனுப்பியிருந்தார்கள். ஏழு நாள் குப்புறவே கிடக்க வேண்டும். எழுந்து நிமிர்ந்தால் உள்ளே காற்று இடம் மாறும். பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. உள் அறைக் கட்டிலில் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்தாள் அம்மா. ஓவியாவுக்குத் தெரிந்ததெல்லாம் பின்னந்தலையும் கட்டுத்துணியின் முடிச்சும்தான். அப்பா மேகமலை ஏலத்தோட்டத்தில் ஜீப் ஓட்டுகிறவர். அங்கே டவர் கிடையாது. சனிக்கிழமைதான் வருவார்.

“டொக்கு டொக்குனு ஒரு சத்தம் வருமே, அதப் போடு ஆத்தா,” என்று அம்மா தலையணைக்குள்ளிருந்து கேட்டாள். “வீட்ல ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.”

வெளியே மலைக் கணவாயிலிருந்து இறங்கிய ஆடிக் காற்று வாழைத்தோப்பைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. புழுதிக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்தியிருந்ததால் நடுப்பகலிலேயே கூடத்தில் சாயங்கால இருட்டு. ஓட்டின் கண்ணாடிச் சில்லு வழியாக விழுந்த ஒரே ஒரு வெளிச்சத் துண்டு தரையில் நடுங்கிக்கொண்டிருந்தது. சூடான டிவியின் முதுகிலிருந்து கருகிய தூசி வாசனை மெல்ல எழும்பியது. ஓவியா இடது கட்டையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். வலது கட்டைக்கு ஆள் இல்லை. போன மாதம் எலி கடித்ததில் முதல் டப்பாவின் வயர் போய்விட, இரண்டாவது டப்பாவின் வயரைப் பிடுங்கி இதற்குப் போட்டிருந்தாள். இரண்டாவது டப்பா சேர வேண்டிய முனை போர்டில் வெறுமனே நின்றது.

வலது கட்டை நடுங்கியது. பிறகு, பந்து வரும் இடத்துக்கு இறங்கி நின்றது.

டொக்.

புதன்கிழமை காலையில் வினோத்ராஜுக்குப் போன் போட்டாள்.

“காலி முனைய அப்பிடியேவா விட்ட?” என்று அவன் சிரித்தான். “பள்ளிக்கூடம் போகாம படிச்சா இப்பிடித்தான். அது ஏரியல் மாதிரி, தெரிஞ்சுக்க. ஒன்னையும் அதுல கட்டலேன்னா, சுத்தி என்ன இருக்கோ அதப் புடிச்சுக்கிரும். கரண்டு, மனுசன் ஒடம்பு, எல்லாத்தையும்.”

“அது சும்மா ஆடலண்ணே. பந்து வர்ற எடத்துக்குப் போகுது.”

“அப்ப ஒனக்கு ஜோடி கெடச்சிருச்சு. போ, கிரவுண்டோட சேத்துப் பத்தவை. அடங்கிரும்.”

பத்தவைத்தாள். ஈயப் புகை கண்ணில் ஏற, காலி முனையை ஒரு சின்னக் கம்பியால் தரை முனையோடு சேர்த்து, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். இனி வலது கட்டை அடியிலேயே கிடக்க வேண்டும். கிடந்தது. நாலைந்து தட்டு வரை கிடந்தது. ஓவியா மூச்சு விட்டாள்.

கட்டை ஏறத் தொடங்கியது. நேற்றைப் போல நடுங்கவில்லை. இருட்டில் படி ஏறுகிறவர் காலால் துழாவுவதுபோல, நின்று, ஏறி, நின்று, ஏறி.

டொக்.

“யாருத்தா வந்திருக்கது?” என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

“யாரும் இல்லம்மா.”

“ரெண்டு பேரு ஆடுறாப்புல கேக்குது.”

அந்தப் பேச்சில் ஓவியா பந்தைத் தவறவிட்டாள். எதிராளிக்கு ஒன்று. அதே நேரம் வீட்டின் பின்பக்கம் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தாள். கொல்லைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. காற்று வெளியிலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் கதவோ வெளிப்பக்கமாகத் திறப்பது. வாசலில் நனைந்த சாக்கு வாசனை. மழை பெய்து இருபது நாளாகிறது. கதவைச் சாத்தி, அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்குள் பயத்தைவிட முன்னால் வந்தது கோபம். நான் செய்த ஆட்டம், என் வீடு. திருகைப் பிடித்தாள். பந்து அவள் கட்டையின் நுனியை உரசிக்கொண்டு போனது. எதிராளிக்கு இரண்டு. அடுப்படிக் கதவு திறந்தது.

சுவிட்சை அணைத்தாள். திரை அணைந்தது. அடுப்படிக் கதவு திறந்தே இருந்தது. சாத்தினாள். திரும்பிப் பார்த்தபோது திறந்திருந்தது.

அன்றிரவு அம்மாவின் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுப் படுத்தாள். எதுவும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் டிவி பக்கமே போகவில்லை. காலையில் அக்கம்மாள் மண்டிக்குப் போகிற வழியில் வாசலில் நின்று, “என்னத்தா, மூஞ்சி வெளிறிக் கெடக்கு? டிவியில பேய்ப்படமா?” என்று கேட்டாள். சொல்ல வாயெடுத்தாள் ஓவியா. நாக்கு எழவில்லை. அக்கம்மாள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

மதியம் கஞ்சியோடு உள் அறைக்குப் போனபோது, அவள் வாய் திறக்கும் முன்னாலேயே அம்மா பேசினாள்.

“இப்பத்தான தலையத் தடவிட்டுப் போன. மறுபடி என்னத்தா?”

“நான் இப்பத்தாம்மா வாரேன்.”

அம்மாவின் விரல்கள் தலையணை ஓரத்தைப் பற்றின.

“அப்ப யாரு அது? காலையிலருந்து பக்கத்துலயே நிக்கிது. தலையத் தடவிக்கிட்டே, எந்திரி எந்திரிங்குது. எந்திரிச்சு ஒக்காரு, எல்லாம் தெரியும்ங்குது.” குரல் தணிந்தது. “எந்திரிச்சிரலாமான்னு இருக்குத்தா.”

ஓவியா கஞ்சியைக் கீழே வைத்தாள். கட்டிலைச் சுற்றிலும் நனைந்த சாக்கு வாசனை. அம்மாவை எங்கேயும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்பாவைக் கூப்பிட முடியாது. அம்மாவின் முதுகில் கை வைத்து அழுத்தினாள்.

“எந்திரிக்காத. அது என்ன சொன்னாலும் எந்திரிக்காத. நான் பாத்துக்கிறேன்.”

கூடத்துக்கு வந்தாள். இரண்டாவது டப்பா அலமாரியில் இருந்தது. திருகு நடுவில் நிற்பதற்கு அடையாளமாக அதில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். பொட்டு இப்போது கீழே பார்த்தது. தொட்டாள். யாரோ வெகுநேரம் பிடித்திருந்ததுபோல வெதுவெதுவென்று இருந்தது.

அதை எடுத்து மேசையின் மறுபக்கம் வைத்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். டிவியைப் போட்டாள். பிறகு, வகுப்பில் ஒருநாளும் எழாத நாக்கு எழுந்தது.

“வா. உக்காரு. அம்மாவ விடு, எங்கூட ஆடு. நீ ஜெயிச்சா என்னைய எடுத்துக்க. தோத்தா இந்த வீட்ட விட்டுப் போயிரணும்.”

காற்று கூரை ஓடுகளைத் தடதடவென்று தட்டியது. நாற்காலியின் நான்கு காலும் தரையில் அழுந்தின.

முதல் புள்ளி அதற்கு. இரண்டாவதும் அதற்கு. ஓவியா உதட்டைக் கடித்தாள். மூன்றாவது அவளுக்கு. எதிரே டப்பா மூடி மெல்ல நெளிந்தது. நாலாவது அவளுக்கு. உள்ளே அம்மா முனகினாள். “பக்கத்துல யாரும் இல்லத்தா. போயிருச்சு போல.” ஓவியா கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அதற்கு மூன்று. அதற்கு நாலு. அவளுக்கு மூன்று. முதுகில் வியர்வை ஒழுகியது. நனைந்த சாக்கு வாசனை முகத்துக்கு நேரே மூச்சாக வந்து வந்து போனது.

“ஊது,” என்றாள் ஓவியா. “நல்லா ஊது. நான் எந்திரிக்க மாட்டேன்.”

அவளுக்கு நாலு.

நாலுக்கு நாலு.

பந்து கிளம்பியது. டொக். அடிக்கு அடி வேகம் கூடும்படி புரோகிராம் எழுதியவள் அவள்தான். டொக். மேலே. டொக். கீழே. எதிர்க் கட்டை இம்மி பிசகவில்லை. டொக். டொக். அப்போதுதான் அவளுக்குத் தன் பிழை ஞாபகம் வந்தது. வலது கட்டை கடைசி வரிக்கு இறங்காது. கணக்கில் ஒன்று குறைத்து எழுதிவிட்டு, திருத்தாமல் விட்டிருந்தாள். அது அவளுக்கு மட்டும் தெரியும். எழுதியவளுக்கு மட்டும். டொக். கட்டையின் நுனியால் பந்தைச் சரித்து விட்டாள். வலது மூலை. கடைசி வரி.

கட்டை இறங்கியது. இறங்கியது. நின்றது.

பந்து அடியால் போனது.

ஐந்து.

“போ,” என்றாள் ஓவியா.

காற்று நின்றது. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. அவ்வளவுதான்.

பிறகு உள் அறையில் கட்டில் அசைந்தது.

தரையில் மெட்டி தட்டும் சத்தம். ஒன்று. இன்னொன்று. நிலையைப் பிடித்துக்கொண்டு அம்மா வெளியே வந்தாள். கண்ணில் கட்டு. குனிந்த தலை. முகத்தை மறைத்துத் தொங்கும் முடி. சுவரைத் துழாவிக்கொண்டு, ஒரு கால் வைத்து, மறு கால் வைத்து.

“அம்மா! எந்திரிக்காதன்னு சொன்னேன்ல! படு!”

“நான் படுத்துத்தான ஆத்தா கெடக்கேன்,” என்றது அம்மாவின் குரல். உள் அறையிலிருந்து. “யாருகிட்ட பேசுற?”

திறந்த கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. குப்புறக் கிடந்த உடம்பு. பின்னந்தலை. கட்டுத்துணியின் முடிச்சு. இரண்டு பாதங்கள், இரண்டு மெட்டி.

ஓவியா வெளி வாசலை மறித்து நின்றாள். விலகவில்லை.

“பேசு,” என்றாள் எதிரே நின்றவளிடம். “ஒரே ஒரு வார்த்த பேசு. எம் பேரச் சொல்லு.”

“அது பேசாதுத்தா,” என்றது கட்டிலில் கிடந்த குரல், அன்பாக. “நீதான ஜெயிச்ச. நீதான போகச் சொன்ன. விடு, போகட்டும்.”

எதிரே நின்றவள் கையை நீட்டினாள். காற்றில் தேடி, ஓவியாவின் கன்னத்தைக் கண்டுபிடித்தது அந்தக் கை. சொட்டு மருந்து வாசனை. சூடு. முடிக்குப் பின்னால் உதடுகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. சத்தம் வரவில்லை.

“விடுத்தா,” என்றது குரல். “கதவச் சாத்திட்டு வா. எனக்குப் பசிக்கிது. எந்திரிச்சு ஒக்காந்து சாப்புடணும்போல இருக்கு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே சாப்புடுவோம்.”

கை கன்னத்திலிருந்து நழுவியது. குனிந்த தலையோடு அவள் ஓவியாவைக் கடந்து, தாழ்ப்பாளைத் தடவித் திறந்து, படியைக் காலால் இரண்டு தரம் தேடி, வெள்ளை வெயிலுக்குள் இறங்கினாள். வாழைத்தோப்புப் பக்கம், ஒரு வார்த்தையும் பேசாமல், போனாள். உள் அறையிலிருந்து நனைந்த சாக்கு வாசனை வந்தது.