ஜப்பான் திருகாணி

“கொய்ங்...” என்று இழுத்துக்கொண்டே பாட்டு நின்றது.

நவமணிக்கு அழுகை முட்டியது. இன்று பிரிஞ்சாங் நகரில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கும்மிப் போட்டி. அம்மாக்கள் கூடிப் பாடிப் பதிவு செய்த ஒரே கேசட், டேப் ரெக்கார்டருக்குள் சிக்கிக்கொண்டது. மறுபடி பாடச் சொல்லலாம் என்றால், அம்மாக்கள் மலைமேல் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லாமல் எப்படி ஆடுவது?

“சீக்கிரம்லா! இப்ப பொறப்பட்டாத்தான் நேரத்துக்குப் போகலாம்!” என்று கத்தினார் லாரி ஓட்டுநர் ஆண்டியப்பன்.

“கேசட்டை இழுத்தா நாடா அறுந்துடும். பின்பக்கம் திறக்கணும்” என்றார் நவமணியின் அப்பா தங்கராஜு. தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர் அவர்.

பின்பக்கத் திருகாணியின் தலையில் கூட்டல் குறி போலப் பள்ளம். அப்பாவின் திருப்புளி முனையும் அதே வடிவம்தான். வைத்துத் திருகினார். முனை சர்ரென்று வழுக்கி வெளியே வந்தது.

“இங்கிலாந்துச் சாமான் இது! பேக்டரியில இது கழட்டாத ஸ்க்ரூவே இல்ல!” அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னும் ஓங்கி அழுத்தினார். மறுபடியும் வழுக்கியது. பள்ளத்தின் ஓரம் மழுங்கி, இரும்புத் தூள் உதிர்ந்தது.

“ஐயோ, நிறுத்துங்கப்பா! பள்ளம் அழிஞ்சா யாராலயும் கழட்ட முடியாது!”

நவமணி திருப்புளியை வாங்கி, முனையை மெதுவாகப் பள்ளத்தில் வைத்து அசைத்துப் பார்த்தாள். அண்ணன் செருப்பில் தம்பி கால் விட்டதுபோல் அது லொடலொடத்தது.

“பாருங்கப்பா, அடிவரைக்கும் இறங்கல. உங்க ஸ்க்ரூடிரைவர் நல்லதுதான். ஆனா இது வேற மாதிரி ஸ்க்ரூ.”

டேப் ரெக்கார்டரைப் புரட்டினாள். ஜப்பானில் செய்தது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஜப்பான் திருகாணிக்கு ஜப்பான் திருப்புளிதானே சரிப்படும்? அதற்கு எங்கே போவது?

“கிராணி ஐயா மோட்டார்!” என்று கூவிக்கொண்டே ஆபீசுக்கு ஓடினாள்.

ஆபீஸ் கணக்குகளைப் பார்க்கும் கிராணி இராமையாவின் மோட்டார் சைக்கிள் ஜப்பான் வண்டி. வண்டியோடு வந்த கருவிப் பை அதன் சீட்டுக்கு அடியில் இருக்கும். வண்டிமேல் ஓர் ஈ உட்காரவும் அவர் விடமாட்டார்.

“ஐயா, உங்க மோட்டார் ஸ்க்ரூடிரைவர் வேணுங்கய்யா!”

“என்னது? என் மோட்டாரைக் கழட்டப் போறியா?” கிராணி துள்ளி எழுந்தார்.

“மோட்டாரை இல்லீங்கய்யா, டேப்பை! பாட்டு உள்ள மாட்டிக்கிச்சு. லாரி பொறப்படப் போவுது!”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய கோபம் போன இடம் தெரியவில்லை. “அப்ப என்ன நிக்கிற? ஏறு பின்னால!”

மோட்டார் பறந்தது. லயத்து வீட்டுக் கோழிகள் நாலாபக்கமும் சிதறின.

அப்பா கிராணியின் திருப்புளியைத் திருகாணியில் வைத்தார். முனை கச்சிதமாக உட்கார்ந்தது. அழுத்தித் திருகினார். திருகாணி சுழன்றது!

“அடி கெட்டிக்காரி! பார்க்க ஒண்ணா இருந்துச்சேன்னு நானும் மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன்” என்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

மற்ற திருகாணிகளும் கழன்றன. நவமணி நாடாவை மெல்ல விடுவித்து, கேசட் ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றினாள். அப்பா எல்லாவற்றையும் பூட்டினார்.

லாரியில் ஏறியதும் நவமணி பட்டனை அழுத்தினாள். அம்மாக்களின் குரல் கணீரென்று எழுந்தது. அவ்வளவுதான், பிள்ளைகள் லாரியிலேயே கும்மி கொட்டத் தொடங்கிவிட்டார்கள்.

“லாரி குலுங்குதுலா! பிரிஞ்சாங் போய் ஆடுங்க!” என்று கத்தினார் ஆண்டியப்பன்.

ஆனால் அவருடைய விரல்களும் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தன.