திரைக்கு வராத கேள்வி

கணினியில் ஸ்கிரிப்டை ஓடவிட்டு ஐந்து நிமிஷமாகியும் திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. கறுப்பின் மூலையில் கர்சரின் வெள்ளைக் கோடு மட்டும் இமைத்துக்கொண்டிருந்தது. ஸோம்பா மலையிலிருந்து இறங்கிய ஜூலை மாதக் குளிர்காலப் பனி, பதிவு அலுவலகத்தின் ஜன்னல் கம்பிகளுக்கிடையே ஈரத்துணி வாடையோடு நுழைய, வெளியே பலகாரக்காரி ஆக்னெஸி மண்டாசி மாவுருண்டை பொரிக்கும் எண்ணெய்ச் சத்தமும், வாசலில் காவலாளியின் ரேடியோவும், பக்கத்து மேஜையில் டலிட்சோ கீபோர்டைத் தட்டும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. ஊர்ப் பதிவேட்டில் இரண்டு முறை ஏறிவிட்ட பெயர்களை நீக்கும் வேலை. வழக்கமாக ஒவ்வொரு பெயராக, நீக்கலாமா என்று ஸ்கிரிப்ட் திரையிலேயே கேட்கும். இன்று அதிகாரி அறிக்கை வேண்டுமென்றதால், தியாமிகே கட்டளையின் கடைசியில் அம்புக்குறி போட்டு, ஸ்கிரிப்ட் சொல்வதையெல்லாம் ஒரு கோப்புக்குத் திருப்பியிருந்தாள்.

"தம்பி, இது வாயே திறக்க மாட்டேங்குதே."

"வாயைத்தான் கோப்புப் பக்கம் திருப்பிட்டீங்களே அக்கா! கேள்வியும் அங்கதான் போகும். Y தட்டுங்க." டலிட்சோ சிரித்தான். "தட்டாட்டியும் ஒரு நிமிஷத்துல அதுவே Y-ன்னு எடுத்துக்கும். உங்களை மாதிரி தூங்குறவங்களுக்காக நான்தான் அப்படி எழுதி வெச்சேன்."

Y தட்டினாள். திரை அசையவில்லை. இன்னொரு Y. இன்னொன்று. பயறு உரிப்பதுபோல் யோசிக்காமல் தட்டிக்கொண்டே போனாள். எண்ணெய்ச் சத்தம் நின்றது. தூறல் வந்திருக்கும் என்று நினைத்தாள். ரேடியோ நின்றது. பேட்டரி தீர்ந்திருக்கும். பக்கத்து மேஜையிலும் சத்தமில்லை.

"டலிட்சோ?"

நாற்காலி காலி. அவன் டீயில் இன்னும் ஆவி பறந்தது.

கோப்பைத் திறந்தாள். முதல் இருபது பெயர்கள் சரியானவைதான். அதற்குப் பிறகு வந்தவை ஒரே ஒரு முறை பதிவானவை.

மண்டாசிக்கார ஆக்னெஸி. நீக்கலாமா? Y. நீக்கப்பட்டது.

காவலாளி ஃபெஸ்டன். நீக்கப்பட்டது.

டலிட்சோ கும்வெண்டா. நீக்கப்பட்டது.

மழலைப் பள்ளி டீச்சர் எஸ்டெரே. அவளிடம் படிக்கும் பதினொரு குழந்தைகள், வரிசையாக.

அத்தனைக்கும் தன் விரல்தான் தலையாட்டியிருக்கிறது. கடைசி வரிக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.

சிசோமோ ம்பேவே, வயது நான்கு. நீக்கலாமா?

தியாமிகேயின் மகள்.

N. விரல் வலிக்கத் தட்டினாள். கோப்பில் ஒரு வரி கூடியது.

சிசோமோ ம்பேவே, வயது நான்கு. நீக்கலாமா?

N. மறுபடி அதே வரி. ஸ்கிரிப்டை மூடப் பார்த்தாள். மூடவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. N.

ஒரு கையால் மகள் படிக்கும் அந்த மழலைப் பள்ளிக்குப் போன் போட்டாள். வெகுநேரம் மணியடித்தது. எடுத்தது ஒரு சின்னக் குரல்.

"அம்மா, எல்லாரும் எங்க போயிட்டாங்க? டீச்சரையும் காணோம். எனக்குப் பயமா இருக்கு. நீ வாயேன்."

பள்ளி அரைமணி நேர நடை. கேள்விக்குக் கெடு ஒரு நிமிஷம், தட்டாவிட்டால் Y.

"இதோ வரேன்டி தங்கம்," என்றாள் தியாமிகே.

எழுந்திருக்கவில்லை. N தட்டினாள்.