பிடி மாற்றும் சங்கிலி

காலையிலிருந்து ஓடாத சங்கிலி வெதுவெதுப்பாக இருந்தது.

மங்கை கையுறையைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தாள். எண்ணூர் நிலக்கரிக் கிடங்குக்கு அடியில், கரியை வாரி இழுத்துப்போகும் கன்வேயரின் சுரங்கத்துக்குள் பட்டப்பகலிலும் டார்ச் இல்லாமல் ஒன்றும் தெரியாது. ஈரக் கரியும் பழைய கிரீஸும் கழிமுகத்துச் சேறும் கலந்த நாற்றம் தொண்டையில் அப்பிக்கொள்ள, எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சங்கிலிகளைச் சோதிக்கும் வேலை அவளுடையது. போன மாதம் அறுந்த சங்கிலி ஓர் ஆளின் காலைக் கொண்டுபோயிருந்தது. அதனால் ஒரு கண்ணியையும் அவள் விடுவதாக இல்லை. தேய்மானத்தை அளந்து, மாற்றவேண்டிய கண்ணிகளில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே நகர்ந்தாள்.

அளவுகோலை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது, கடைசியாகப் போட்ட கோடு பக்கத்தில் இல்லை. முன்னால், இருட்டின் ஓரத்தில் இருந்தது.

வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். மேலே சுவிட்ச் அறையில் ரஷீது இருந்தார்.

"ரஷீது பாய், லைனு ஆஃப்லதானே கீது?"

"இன்னாம்மா கேக்குற? சுவிச்சுக்கு பூட்டு போட்டு சாவிய நீதானே எடுத்துகினு போன?"

சாவி சட்டைப்பையில்தான் இருந்தது.

"சங்கிலி நகந்துகினு கீது பாய்."

"மோட்டாரு கம்முனு கீதும்மா. நீ மொதல்ல மேல வா."

கிணுக்.

சங்கிலி ஒரு சாண் நகர்ந்து நின்றது. மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இடைவெளி. மறுபடி கிணுக். மோட்டார் இழுத்தால் ஒரே சீராக ஓடும். இது அப்படி இல்லை. முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவளுக்கு அது என்னவென்று உடம்பே சொன்னது. கரைவலை இழுக்கிற இழுப்பு. எல்லோரும் சேர்ந்து இழுப்பது. பிடி மாற்றுவது. மறுபடி இழுப்பது.

ஓடியிருக்க வேண்டும். டார்ச்சைத்தான் நீட்டினாள்.

கைகள்.

கரி அப்பி, ஈரம் சொட்ட, சங்கிலியைப் பிடித்திருந்த கைகள். அவற்றுக்குப் பின்னால் இன்னும் கைகள். வெளிச்சம் எட்டியவரை கைகள். முகம் இருக்கவேண்டிய உயரத்தில் வெறும் இருட்டு.

டார்ச் நழுவி விழுந்தது. அணையவில்லை.

"மங்கை? வந்துகினு கீறியா? மங்கை!"

வாக்கி-டாக்கியில் ரஷீதின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வரிசை காத்து நின்றது. அதற்கு முன்னால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தது.

மங்கை குனிந்து பார்த்தாள். தரையில் கிடந்த வெளிச்சத்தில், அவளுடைய இரண்டு கைகளும் சங்கிலியை இறுகப் பிடித்திருந்தன.

கிணுக்.