பக்கத்து வீட்டு நிழல்

"மேகத்து நிழலா இருக்கும்."

"மேகம் என்ன, நம்ம தக்காளிப் பாத்தியை அளவெடுத்துக்கிட்டு வந்து நிக்குதா? மத்த இடமெல்லாம் வெயில் அடிக்குது பாருங்க." மனைவி பூவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடறீங்க. உங்க கண்ணை யாரு பாக்கறது?"

கண்ணாடிக் கடைக்காரன் வானத்தைப் பார்த்தான். துடைத்து வைத்த லென்ஸ் மாதிரி இருந்தது, ஒரு பிசிறு இல்லாமல்.

கோடை இப்போதுதான் தொடங்கியிருந்தது. இரண்டு வருடம் போக்குக் காட்டிய தோட்டம் இந்த முறைதான் தோட்டமாக நிமிர்ந்திருந்தது. வெள்ளரிக் கொடி பந்தல் மேல் ஏறி மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. கத்திரிச் செடிகளில் ஊதாப் பூக்கள். புதினா தன் பாத்தியை விட்டு நடைக்கற்களுக்கு இடையே ஊர்ந்து, கால் படும்போதெல்லாம் மணத்தது. தக்காளி இலையைத் தொட்ட விரலில் அந்தப் பச்சைக் கார வாசம் படுக்கப் போகும்வரை நின்றது. மாலைகளில் இருவரும் ஒரு வேலையும் இல்லாமல் இதற்குள் நடப்பார்கள். காயைக் கையில் தாங்கிப் பார்ப்பார்கள், பறிக்காமல் விடுவார்கள்.

தக்காளிப் பாத்தியின் மேல் மட்டும் இன்று நிழல். அசைகிற நிழல். நடுநடுவே சில்லறையாக வெளிச்சம் சிந்துகிற, இலைகள் உள்ள நிழல்.

மேற்குச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான். பூட்டிய வீடு. வெறும் தரை. மரம் இருந்த இடத்தில் மண் மட்டும் கொஞ்சம் நிறம் மாறிக் கிடந்தது.

அது தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் பக்கத்து வீட்டுத் தையல்காரர். தனி ஆள். கடையை மூடி எத்தனையோ காலம் ஆகியும் அளவு நாடா மட்டும் அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை. முதல் வருடம் தக்காளி நோஞ்சானாகக் காய்த்தபோது, ஒரு கிளையை மட்டும் வெட்டலாமா என்று இவன் மென்று விழுங்கிக் கேட்டான்.

"தக்காளி கடையில கிடைக்கும் தம்பி. நிழல் எந்தக் கடையில கிடைக்குது?"

அவர் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் இவன் சுவரேறிக் குதித்தான். கையில் துளையிடும் மெஷினும் ஒரு போத்தல் களைக்கொல்லியும். வேர்களில் துளை போட்டு, ஊற்றி, மண்ணால் அடைத்தான். லென்ஸ் பொருத்துகிற கை; சுத்தமான வேலை.

இலைகள் உதிர்ந்தன. தையல்காரர் அசரவில்லை. "பேருக்கேத்த மாதிரி தூங்குது தம்பி. எந்திரிச்சிரும். உங்க குழாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நீட்டி விடுங்களேன்."

நீட்டினான். செத்த வேருக்குத் தினமும் தன் கையாலேயே தண்ணீர் விட்டான்.

நாற்காலிக்கு நேர் மேலே இருந்த பெரிய கிளை ஒரு பக்கமாகத் தொங்க ஆரம்பித்ததையும் இவன்தான் முதலில் பார்த்தான். அங்கே உட்காராதீர்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று அவர் கேட்டால்? மரம் செத்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டால்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். காற்றே இல்லாத ஒரு மத்தியானம் சுவருக்கு அப்பால் ஒரு முனகல் கேட்டது, கட்டிலில் யாரோ புரண்டு படுப்பதைப் போல. பிறகு கிளை நாற்காலி மேல் விழுந்தது.

மரத்தை வேரோடு எடுக்கச் சொன்ன மகள், போகும்போது இவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசிவரைக்கும் அப்பாவுக்கு நீங்கதாண்ணே ஒத்தாசையா இருந்தீங்க." அதன்பின் தோட்டத்தில் வெயில் கொட்டியது.

மறுநாள் தக்காளி இலைகளின் மேல் இளஞ்சிவப்பு இழைகள் கிடந்தன. தூங்குமூஞ்சிப் பூவின் இழைகள். "எங்கிருந்தோ காத்துல வருது," என்று ஒன்றை ஊதிவிட்டாள் மனைவி. மிச்சத்தை அவள் பார்க்காதபோது பொறுக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டான். பொழுது சாயச் சாய நிழல் மெலிந்தது. அந்த மரம் இலைகளை மடிக்கிற வேளையில், மடிக்கிற விதத்தில்.

கடையில் ஒரு பெரியவருக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இப்பத் தெளிவாத் தெரியுதா என்று ஒரே லென்ஸுக்கு மூன்று முறை கேட்டான்.

ஒவ்வொரு மாலையும் நிழல் வீட்டுப் பக்கமாக நகர்ந்தது. கத்திரியைத் தாண்டியது. புதினாவைத் தாண்டியது. அதன் கீழே புதினா மணக்கவில்லை.

ஒரு நாள் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்தான். கேட்டைத் திறந்ததும் பூவின் வாசம், லேசான தேன் வாசம்.

"வந்துட்டீங்களா? இங்க வந்து பாருங்க, என்ன குளிர்ச்சி!"

மனைவி தோட்டத்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி. கண்ணை மூடி. அவள் நிழல் நடைக்கற்களின் மேல் நீண்டு கிடந்தது.

பக்கத்தில் இன்னொரு நாற்காலியின் நிழல்.

அங்கே நாற்காலி இல்லை.

அந்த நிழலில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். தலை, தோள் மேல் சாயக் கூடாத அளவுக்குச் சாய்ந்திருந்தது. கழுத்தின் இருபுறமும் நாடா தொங்கியது. மெல்ல ஆடியது.

இரண்டு நிழல்களுக்கும் மேலே ஒரு கிளையின் நிழல். ஒரு பக்கமாகத் தொங்கியபடி.

எழுந்திரு. ஒரு வார்த்தை. ஏன் என்று கேட்பாள். எதற்கும் ஏன் என்று கேட்கிறவள். சொல்ல ஆரம்பித்தால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சுவர். போத்தல். குழாய். அதற்குப் பிறகு அவள் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தான். கேட்டைப் பிடித்தபடியே நின்றான்.

வெறும் வானத்தில் ஒரு முனகல் கேட்டது.

நடைக்கல்லின் மேல் கிளையின் நிழல் ஒரு விரற்கடை இறங்கியது. இன்னொரு விரற்கடை.

"ஏன் அங்கயே நின்னுட்டீங்க?" கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள். "எனக்கு எந்திரிக்கவே மனசு வரலை. புதினா வாடிக் கிடக்கு. அந்தக் குழாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நீட்டி விடுங்களேன்."