ஆடாமல் படுத்திரு

அக்கா உள்ளே வந்து நின்றதுதான் முதலில் உறுத்தியது.

எம்.ஆர்.ஐ. அறையின் வாசலில், தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அதைத் தாண்டினால் காந்தத்தின் ராஜ்யம். சாவி, கைக்கடிகாரம், கொண்டை ஊசி எதுவும் கூடாது. அக்கா அதே ஆஸ்பத்திரியில் பேர்பெற்ற சர்ஜன். ஆனாலும் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. அங்கே ஸ்கேன் எடுக்கும் தங்கையைப் பார்க்க வந்தால் வாசலிலேயே நின்று, "உன் பூதத்துக்கிட்ட நான் வரமாட்டேன்டி, என்னைப் பாத்தா அதுக்குப் பசிக்கும்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

இன்று மதியம் நேராக உள்ளே வந்து, இயந்திரத்தின் வெள்ளை வாயில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, பூதத்தோட ராசியாயிட்டே போல?"

"இனிமே எனக்கென்ன பயம்?" அக்காவின் கன்னத்தில் அப்படி ஒரு செழிப்பு. "நீ சாப்பிட்டியா? மூஞ்சியெல்லாம் வாடிக் கிடக்கு."

தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் கை பட்டதில் வழக்கம்போல் மனசு குளிர்ந்தது. ஆனால் அந்த 'இனிமே' மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

அம்மா போன பிறகு இவளை ஆளாக்கியது அக்காதான். தலை பின்னிவிட்டு, காய்ச்சலுக்குக் கண்விழித்து, வந்த வரன்களையெல்லாம் "தங்கச்சி படிச்சு முடிக்கட்டும்" என்று திருப்பி அனுப்பியவள். அந்த அக்கா போன வருடம் காரணமே தெரியாமல் உருகிப்போனாள். எந்நேரமும் ஒரு கை வலது விலாவுக்குக் கீழே இருக்கும். "ஒரே ஒரு ஸ்கேன்க்கா, நானே எடுக்கறேன்" என்று கெஞ்சினால், "டாக்டர் நீயா நானா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

பிறகு இவளுக்கு ஒரு சாயங்காலம் வயிற்றில் வலி வந்தது. அக்காவே பார்த்தாள், பித்தப்பையில் கல் என்றாள், அக்காவே ஆபரேஷனும் செய்தாள். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது எதிரே அக்காவின் முகம். அழுதுகொண்டிருந்தாள். என்மேல் எத்தனை பாசம் என்று இவள் நெகிழ்ந்துபோனாள்.

அக்கா தேற ஆரம்பித்தது அந்த வாரத்திலிருந்துதான்.

கடைசி நோயாளியை அனுப்பியபோது மாலையாகியிருந்தது. ஆனால் ஜன்னலே இல்லாத அந்த அடித்தளத்தில் பகலும் மாலையும் ஒன்றுதான். மருந்து வாடையும் ரப்பர் மெத்தையின் வாடையும் கலந்த அந்தக் குளிருக்குள், காந்தத்தைக் குளிர்விக்கும் பம்பு மட்டும் சுவருக்குள் அடைபட்ட ஏதோ பறவை போல 'சிக்... சிக்... சிக்' என்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. காலங்காலமாகக் கேட்டு இவள் காது மரத்துப்போன சத்தம். இன்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. நோயாளி படுக்கும் மேசையைத் துடைக்கக் குனிந்தாள்.

வலது விலாவுக்குக் கீழே, ஏதோ இழுத்தது.

தையல் இழுப்பு என்றுதான் இத்தனை நாளும் தன்னைத்தானே சமாதானப்படுத்தி வந்தாள். தையல் இப்படி இழுக்காது. இது, பக்கத்தில் தூங்கும் கைப்பிள்ளை புரண்டு படுப்பது போல இருந்தது. பின்னால் நகர்ந்தாள். அடங்கியது. முன்னால் வந்தாள். புரண்டது. இயந்திரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

உள்ளே இருந்ததும் திரும்பியது. மெதுவாக. காந்தத்தைப் பார்த்து.

உடம்புல எங்கேயாவது உலோகம் இருக்கா? தினமும் எத்தனை பேரிடம் கேட்கிறாள்! தன்னை ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை. ஆபரேஷனில் போட்ட கிளிப் டைட்டானியம். அதைக் காந்தம் சட்டை செய்யாது. அப்படியானால் இது?

நடைக்கூடத்தின் கோடியில் எக்ஸ்ரே அண்ணன் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஊக்கு கீக்கு முழுங்கிட்டியா?"

"ஒரே ஒரு படம் எடுங்கண்ணே."

எடுத்தார். திரையில் படம் விழுந்தது. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

விலாவுக்குக் கீழே, முடியைவிட மெல்லிய வெள்ளைக் கம்பிகள். ஒரே சீராக. மீன்முள் போல, சுருண்டு.

"அசைஞ்சிட்டியா?"

"இல்லண்ணே."

இன்னொரு படம் எடுத்தார். சுருள் பிரிந்திருந்தது.

"இதுக்கு முன்னாடி ஒரு தடவை இதைப் பாத்திருக்கேம்மா." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டாக்டரம்மா படத்துல. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சொன்னாங்க. அப்போ இது இதைவிடச் சின்னதா இருந்துச்சு."

"எந்த டாக்டரம்மா?"

தெரிந்தேதான் கேட்டாள். அவர் பார்வை இவள் தோளைத் தாண்டிக் கதவுக்குப் போயிருந்தது. போனைக் கீழே வைத்தார். எப்போது எடுத்தார்?

வாசலில் அக்கா.

"அண்ணே, நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கல்லுன்னு சொன்னியேக்கா."

"கல்லே இல்லடி. அது வெறும் வாயு." அக்கா பக்கத்தில் வந்து, சின்ன வயதில் செய்வது போல இவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். "உனக்குள்ள இருக்கே, அது என்னைத் தின்னுட்டிருந்துச்சு. வெட்டி எறிஞ்சாலும் தேடிட்டு வந்துச்சு. சொந்த ரத்தம் கிடைச்சாத்தான் தங்குது. நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

"அதுக்கு நானாக்கா கிடைச்சேன்?"

"உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்கா?"

எத்தனை முறை கேட்ட வார்த்தை! எத்தனை முறை அதைக் கேட்டு அந்த மடியில் முகம் புதைத்திருக்கிறாள்!

கையை உதறிக்கொண்டு ஓடினாள். நடைக்கூடம். கதவு. சிவப்புக் கோடு. கிழித்துக்கொண்டு போனாலும் போகட்டும், காந்தம் அதைப் பிடுங்கிக்கொள்ளட்டும்.

"அங்க போகாதடி!" அக்கா பின்னாலேயே வந்தாள். "வெளிய வந்தா அது திரும்ப என்கிட்டத்தான் வரும்!"

கோட்டின் முன்னால் அக்காவின் கால் நின்றது. மதியம் தாண்டிய கோடு. இப்போது தாண்டவில்லை. கனத்த கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டு விழுந்தது.

இழுப்பு. மூச்சு நின்றது. இவள் மேசையில் சரிந்தாள்.

பக்கத்து அறைக் கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் முகம் தெரிந்தது. ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஆடாம படுத்திரு. ஆடாம இருந்தா ஒண்ணும் வலிக்காது."

தினமும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து இவள் சொல்கிற வார்த்தைகள். இதே கனிவோடு.

'சிக்... சிக்... சிக்.'

பம்புச் சத்தம் சுவரிலிருந்து வரவில்லை. விலாவுக்குக் கீழேயிருந்து வந்தது. தோல், உள்ளிருந்து விரலால் தள்ளிய துணி போல எழும்பியது. அக்கா கைப்படப் போட்ட மூன்று தழும்புகளில் நடுவில் இருந்தது வாய் திறந்தது. வலி இல்லை. அக்கா அந்த ஒன்றில் மட்டும் பொய் சொல்லவில்லை. வெள்ளையாக ஒரு கம்பி நுனி வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். குளிர்ந்த காற்றைத் தடவித் தடவிப் பார்த்தன.

பிறகு திரும்பின.

காந்தத்தின் பக்கம் அல்ல. கண்ணாடியின் பக்கம்.

ஸ்பீக்கரில் அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய கை மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வலது விலாவைப் பொத்திக்கொண்டது.